ஒளிவிழாவும் ஒரு தாயின் கேள்வியும்

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் தொடக்கம். எங்கள் பகுதியில் அது மாரி காலம். சாகாமக் குளம் நிரம்பியிருந்தது. பெரும்போக வயல்கள் பச்சை பிடித்துக் கிடந்தன. வாப்பா விட்டுச் சென்ற வயல் துண்டைப் பார்த்துவிட்டு வரம்பில் ஏறியபோது கைத்தொலைபேசி அடித்தது. மறுமுனையில் ஒரு பெண் குரல். ஸலாம் சொன்னார், பெயரையும் சொன்னார். எனக்குச் சட்டென்று நினைவு வரவில்லை.

"மௌலவி, என்ட மகள் உங்கட பள்ளிக்கூடத்துலதான் ஆறாம் ஆண்டு படிக்கா. கணக்குப் போட்டியில முதலாவதா வந்ததுக்கு ஒளிவிழா அண்டு பரிசு குடுக்கப் போறாங்களாம். கரோல் பாடுற கூட்டத்துலயும் பேர் எழுதியிருக்காங்களாம். அவட வாப்பா கத்தார்ல. போகலாமா, ஏலாதா? நீங்கதான் செல்லணும்."

நான் பதிலை யோசிப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"2009லயும் இதே கேள்வியத்தான் எங்கட வாப்பா உங்களுக்கிட்டக் கேட்டார். நீங்க ஏலாதுண்டு செல்லிட்டீங்க. அந்தப் புள்ள நான்தான் மௌலவி."

வரம்பில் நின்ற எனக்கு வாய் அடைத்துப்போனது. "நாளைக்குப் பதில் சொல்கிறேன், மகள்" என்று மட்டும் சொன்னேன்.

அன்புச் சகோதரிகளே! அந்த ஒரு இரவில் நான் எண்ணிப் பார்த்தவற்றையும், மறுநாள் செய்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை சேர்க்கும் செய்தி ஒன்றும் இல்லை. ஆனால் டிசம்பர் மாதம் வந்தால் இதே கேள்வி எத்தனையோ உம்மாமாரின் மனதில் எழுகிறது. அவர்களுக்குப் பயன்படும் என்றால் என் தவறைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அன்று சொன்ன பதில்

இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகளில் மௌலவி ஆசிரியர் என்றொரு பதவி உண்டு என்பது நீங்கள் அறிந்ததே. அரபுக் கல்லூரியில் ஓதி வெளியேறிய எங்களைப் போன்றவர்களை, முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாம் பாடம் கற்பிக்க அரசாங்கம் நியமிக்கிறது. எனக்குக் கிடைத்த நியமனம், கத்தோலிக்கர்கள் தொடங்கி வைத்த ஒரு பாடசாலைக்கு. பெயர் இங்கே வேண்டாம். அக்கரைப்பற்றிலிருந்து வடக்கே போகும் கரையோரப் பாதையில் நாள்தோறும் பஸ் ஏறிப் போய் வருகிறேன். அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். சமய பாட நேரம் வந்ததும் சைவப் பிள்ளைகள் ஓர் அறைக்கும், கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் அறைக்கும், நம் பிள்ளைகள் என்னிடமும் பிரிந்து வருவார்கள். பாடம் முடிந்ததும் திரும்பவும் ஒன்றாகிவிடுவார்கள்.

மூன்றாம் தவணை முடியும் தறுவாயில் அங்கே ஒளிவிழா நடக்கும். நத்தார்ப் பண்டிகையை ஒட்டித் தமிழ்மொழிப் பாடசாலைகளில் நடக்கும் விழாவுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பாலன் குடில் அமைப்பார்கள், கரோல் கீதம் பாடுவார்கள், நத்தார் தாத்தா வேடமிட்ட ஒருவர் இனிப்பு வழங்குவார். எங்கள் பாடசாலையில் அந்த ஆண்டின் சாதனையாளர்களுக்குப் பரிசு வழங்குவதும் அதே மேடையில்தான். பெற்றோர் ஒருமுறைதான் வரவேண்டியிருக்கும், பந்தல் செலவும் ஒன்றோடு போகும் என்பது காரணம்.

2009, யுத்தம் முடிந்த ஆண்டு. நான் நியமனம் பெற்று அதிக காலம் ஆகவில்லை. அரபுக் கல்லூரியில் ஓதி முடித்த சூடு இன்னும் தணியாத வயது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து படியிறங்கும்போது, வயல் செய்யும் ஒரு மனிதர் என்னை மறித்தார். "மௌலவி, நம்மட மகளுக்கு அந்த விழாவுல பரிசாம். அனுப்பலாமா?" என்று கேட்டார். "ஏலாது" என்றேன். ஒரே சொல். என்ன பரிசு, எதற்காக, பிள்ளை மேடையில் என்ன செய்யவேண்டும் என்று ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பிள்ளை பத்தாம் ஆண்டில் படித்தாள். தமிழ்த் தினப் போட்டியில் கட்டுரை எழுதி வலய மட்டத்தில் முதலிடம் பெற்றிருந்தாள். கணிதத்தில் வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. என் பதிலைக் கேட்ட தகப்பனார் ஒரு படி மேலே போய், பரிசுக்கே போகக்கூடாத இடத்தில் படிப்பு மட்டும் எப்படி ஆகும் என்று எண்ணி, தவணை முடிந்த கையோடு அவளை விலக்கி வேறொரு பாடசாலையில் சேர்த்துவிட்டார். அந்த ஆண்டு அங்கே கணிதத்துக்கு ஆசிரியர் இருக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தாள், ஆனால் அவள் விரும்பிய கணிதப் பிரிவில் உயர்தரம் படிக்கும் அளவுக்கு அல்ல. இரண்டு ஆண்டுகளில் கல்யாணம் நடந்தது.

இவையெல்லாம் எனக்குப் பின்னால் துண்டு துண்டாகத் தெரியவந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். புதிய ஆண்டில் என் இஸ்லாம் பாட வகுப்பில் ஒரு முகம் குறைந்திருந்தது. ஏன் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

பழைய பயம்

இந்தப் பயம் நம் சமூகத்துக்குப் புதியதல்ல. பிரித்தானியர் காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமார் கையில்தான் இருந்தது. பிள்ளையை அங்கே அனுப்பினால் ஈமான் போய்விடும் என்று நம் முன்னோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. மதம் மாற்றுவதையும் தம் பணியாகக் கொண்டவர்கள்தான் அக்காலத்து மிஷனரிமார். ஆனால் அஞ்சி வீட்டில் இருந்ததால் ஈமான் தப்பியது, கல்வி தப்பவில்லை. அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் வைத்தியத் துறையிலும் மற்றவர்கள் முன்னேற, நாம் பின்தங்கினோம்.

அதைக் கண்டு மனம் வெந்தவர் கண்டியில் பிறந்த அறிஞர் எம்.சி. சித்திலெப்பை (1838-1898). அவர் சட்டம் படித்தவர், மார்க்கமும் அறிந்தவர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, கல்வி கல்வி என்று வாரந்தோறும் எழுதினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் கொழும்புக்கு வந்த ஒறாபி பாஷாவின் துணையும் அவருக்குக் கிடைத்தது. 1884இல் கொழும்பில் ஒரு மத்ரஸாவைத் தொடங்கினார். மருதானை ஸாஹிறாக் கல்லூரி 1892இல் எழுந்தது இந்த முயற்சியின் தொடர்ச்சிதான். பெண்பிள்ளைகளின் படிப்புக்காகவும் அந்தக் காலத்திலேயே அவர் பாடுபட்டார். அந்த ஒரு மனிதர் அச்சத்துக்கு விடை தேடிய விதத்தைப் பாருங்கள். படிக்காதே என்று அவர் சொல்லவில்லை. நம்முடைய தீனோடு சேர்த்துப் படி என்றார்.

இன்று நிலைமை வேறு. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் மிஷனரிமாரின் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. பெயரில் ஒரு புனிதர் இருப்பார், முற்றத்தில் ஒரு சுரூபம் நிற்கும். ஆனால் ஆசிரியருக்குச் சம்பளமும் பிள்ளைக்குப் பாடநூலும் அரசாங்கம் கொடுப்பவை. தத்தம் சமயத்தைப் படிப்பது பிள்ளையின் உரிமை. என்னைப் போன்ற மௌலவி ஒருவன் அங்கே நின்று அத்தஹிய்யாத்து ஓதிக் கொடுப்பதே அதற்குச் சாட்சி.

கல்முனையிலேயே பாருங்கள். கார்மேல் பற்றிமா கல்லூரி அங்குள்ள தேசிய பாடசாலைகளில் ஒன்று, கத்தோலிக்க மரபில் வந்தது. அந்தப் பெயரைப் பலகையில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிந்தனை வரும். கார்மேல் என்பது பலஸ்தீனில், ஹைஃபா நகரை ஒட்டியிருக்கும் ஒரு மலை. நபி இல்யாஸ் (அலை) அவர்களோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் மலை அது. பற்றிமா என்பது போர்த்துக்கல் நாட்டில் உள்ள ஓர் ஊர். 1917இல் அங்கே ஆடு மேய்க்கும் மூன்று சிறுவர்களுக்கு மரியன்னை காட்சி கொடுத்ததாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். அதை நாம் நம்புவதில்லை. ஆனால் அந்த ஊருக்கு அப்பெயர் எங்கிருந்து வந்தது? முஸ்லிம்கள் அந்தத் தேசத்தை ஆண்ட காலத்து அரபுப் பெயர் அது என்றே சொல்லப்படுகிறது. நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளார் பாத்திமா (ரழி) அவர்களின் பெயர்தான் ஐரோப்பா போய், அங்கிருந்து கன்னியாஸ்திரிகளின் நாவில் ஏறி, கல்முனைக்குத் திரும்பி வந்திருக்கிறது. எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரு பாத்திமா இருக்கிறாள். அவள் பற்றிமாவில் படித்தால் பெயர் மாறிவிடுமா?

ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸின் தாபகத் தலைவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள், மெதடிஸ்தர்கள் தொடங்கிய கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலையில் படித்தவர். அங்கே படித்தவர்தான் பின்னாளில் முஸ்லிம்களுக்கென ஓர் அரசியல் குரலைக் கொடுத்தார், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உருவாக உழைத்தார். படித்த இடம் அவருடைய அடையாளத்தைப் பறிக்கவில்லை.

எல்லை எங்கே இருக்கிறது?

அப்படியானால் எல்லையே இல்லையா? உண்டு. அதைத் தெளிவாகச் சொல்லாததுதான் 2009இல் நான் செய்த பிழை.

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம், பணத்துக்குப் பதிலாக மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து விடுதலை பெறும்படி நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததை சீறாவில் படிக்கிறோம். கற்பித்தவர்கள் நேற்றுவரை வாள் ஏந்தி எதிரே நின்றவர்கள். எழுத்து அவர்களிடமிருந்து வந்தது, ஈமான் வீட்டிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் வந்தது.

நஜ்ரானிலிருந்து கிறிஸ்தவர்களின் தூதுக்குழு ஒன்று மதீனாவுக்கு வந்தது. அவர்களுடைய வணக்க நேரம் வந்தபோது, மஸ்ஜிதுந் நபவியிலேயே தங்கள் முறைப்படி வணங்க அவர்களை நபியவர்கள் விட்டுவிட்டார்கள் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். அதே நாட்களில் ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய கொள்கையில் அணுவளவும் விட்டுக்கொடுக்காமல் அவர்களோடு வாதிட்டதும் அதே நபியவர்கள்தான். கொள்கையில் உறுதி, பழக்கத்தில் கண்ணியம். இரண்டும் ஒரே பள்ளிவாசலில், ஒரே வாரத்தில் நடந்தன.

அபூபக்கர் (ரழி) அவர்களின் மகளார் அஸ்மா (ரழி) அவர்களின் கதை பெண்களாகிய உங்களுக்குத் தெரிந்திருக்கும். இஸ்லாத்தை ஏற்காத தாயார் பார்க்க வந்தபோது, உறவாடலாமா என்று அவர் நபியவர்களிடம் கேட்டார். தாயை ஆதரிக்கும்படியே பதில் வந்தது. மார்க்கத்துக்காக உங்களோடு போர் செய்யாதவர்களுக்கும், வீடுகளைவிட்டு உங்களை விரட்டாதவர்களுக்கும் நன்மை செய்வதையும் நீதி செய்வதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பது சூரா அல்மும்தஹினாவின் எட்டாவது வசனம் தரும் கருத்து.

இவற்றை வைத்து அன்றிரவு மூன்று கோடுகள் போட்டேன். முதலாவது வணக்கம். அதில் நமக்குப் பங்கில்லை. இறைவனுக்கு மகன் உண்டு என்று பொருள்படும் ஒரு கீதத்தை நம் பிள்ளையின் நாவு பாடக்கூடாது. குடிலின் முன் மண்டியிடக்கூடாது. இதில் எந்த ஆலிமிடமும் இரண்டு கருத்து இல்லை. இரண்டாவது மரியாதை. சக மாணவியின் விழாவைக் கெடுக்காமல் அமைதியாக இருப்பது, நாற்காலி அடுக்க உதவுவது, வந்த விருந்தினரை உபசரிப்பது இவையெல்லாம் நல்ல குணம். நத்தார் வாழ்த்துச் சொல்வது பற்றி மட்டும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முற்காலத்தவரில் பெரும்பாலோர் தடுத்தார்கள், இக்காலத்தில் சிலர் அனுமதித்தார்கள். அதில் நீங்கள் நம்பும் ஆலிமைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள், மாற்றுக் கருத்துக்காரரை ஏசாதீர்கள். மூன்றாவது உழைப்பின் கூலி. பிள்ளை கண்விழித்துப் படித்துப் பெற்ற பரிசு அது. எந்த மேடையில் கொடுத்தாலும் அது அவளுடைய உரிமை.

2009இல் நான் மூன்றையும் ஒன்றாகக் கட்டி "ஏலாது" என்ற ஒரு சொல்லுக்குள் போட்டுவிட்டேன்.

பயம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை

இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். கிழக்கு மாகாணத்தில் வாழும் நாம் சாதாரணமான அயலவர்கள் அல்லர். ஒருவர் காயத்தை ஒருவர் பார்த்தவர்கள்.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒன்பது நாட்கள் கழித்து ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளும் தூக்கத்தில் வெட்டுண்டார்கள். அந்த வாரத்திலேயே தமிழர்களும் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. அதே ஆகஸ்ட் 15ஆம் திகதி, மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில் நெடுங்காலம் கூடைப்பந்து பயிற்றுவித்த அமெரிக்க யேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார், கலவரத்தில் சிக்கியவர்களுக்கு உதவ வாழைச்சேனைக்குப் போனவர், மோட்டார் சைக்கிளில் மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். அவரோடு வந்த தமிழ் இளைஞரும் திரும்பவில்லை. இன்றுவரை இருவரையும் பற்றிய தகவல் இல்லை.

பிறகு 2004. நத்தார் முடிந்த மறுநாள் காலை கடல் வந்தது. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான், 10,000க்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரை நெடுகிலும் முஸ்லிமும் தமிழரும் ஒன்றாகவே மையித்துத் தேடினோம்.

பிறகு 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிஞ்சுகள் பலியானார்கள். செய்தவர்கள் நம் பெயர்களைத் தாங்கியவர்கள். ஐந்து நாட்களில் சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் குண்டு வெடித்து, குழந்தைகள் உட்பட 15 பேர் மாண்டார்கள். அந்தப் பாதகர்களின் உடல்களைப் பொறுப்பேற்க மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது.

அந்த ஆண்டு பாடசாலை மீண்டும் திறந்தபோது நான் தாடியோடும் தொப்பியோடும் வாசலில் நின்றேன். வாயிற்காவலர் என்னைப் பல ஆண்டுகள் அறிந்தவர். என் பையைத் திறந்து பார்க்க அவர் கை நடுங்கியது. நானே திறந்து காட்டினேன். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவர்களின் மேடைக்குப் போக நம் பிள்ளைகள் அஞ்சுகிறார்கள் என்றால், நாம் அங்கே வருவதைப் பார்த்து அஞ்ச அவர்களுக்கும் காரணம் கொடுத்திருக்கிறோம். இந்த நிலையில் நம் பிள்ளை முன் வரிசையில் வந்து அமர்ந்து, அவர்கள் கையால் பரிசு வாங்குவது சின்ன விடயமா?

ஐந்து நிமிடப் பேச்சு

மறுநாள் காலை முதல் மணி அடிக்குமுன் பிரதி அதிபரைப் பார்க்கப் போனேன். அவர் ஓர் அருட்சகோதரி, என்னைவிட மூத்தவர்.

"சிஸ்டர், ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றைக் கரோல் குழுவில் சேர்த்திருக்கிறீர்கள். எங்கள் நம்பிக்கைப்படி அந்தப் பாட்டை அவள் பாட முடியாது. பரிசுக்கு அவள் வருவாள்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்துப் பட்டியலில் ஒரு கோடு போட்டார். "குரல் நல்லா இருக்கெண்டு சங்கீத டீச்சர் எழுதியிருப்பா. வரவேற்பு உரை சொல்லட்டுமே. மௌலவி சேர், இதச் சொல்ல ஏன் இவ்வளவு தயங்குறீங்க? உங்கட மீலாத் விழாவுக்கு எங்கட பிள்ளைகள் மேடை சோடிச்சாங்க. ஸலவாத்துச் சொல்லச் சொல்லி நீங்க யாரையும் கேட்கேல்லையே" என்றார்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. படியிறங்கும்போது என் கால்கள் கனத்தன. இந்த ஐந்து நிமிடத்தை 2009இல் நான் செலவழித்திருந்தால்!

அந்தத் தாய்க்குத் தொலைபேசியில் அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மூன்று கோடுகளையும் விளக்கினேன். கடைசியில், "மகள், உங்கள் விடயத்தில் நான் விசாரிக்காமல் பேசிவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். சிறிது நேரம் சத்தமில்லை. "வாப்பா மவுத்தாகி நாலு வருசம் மௌலவி. அவரும் கடைசிக் காலத்துல செல்லுவார், நான் இன்னொரு தரம் கேட்டிருக்கணும் எண்டு. அல்லாஹ் எல்லாரையும் மன்னிக்கட்டும்" என்றார்.

விழா நாளில்

அந்த ஆண்டு ஒளிவிழா எளிமையாகவே நடந்தது. நவம்பர் 26ஆம் திகதி பெருவெள்ளத்தில், நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் காரைதீவு மாவடிப்பள்ளியில் அடித்துச் செல்லப்பட்டது. குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த இளம் பிள்ளைகளும், அவர்களை ஏற்றிச் சென்றவர்களும் உயிரிழந்தார்கள். அந்தத் துயரம் எங்கள் கரையோரம் முழுவதையும் மூடியிருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றுமுன் அதிபர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். தமிழ்ப் பெற்றோரும் முஸ்லிம் பெற்றோரும் அந்தப் பிள்ளைகளுக்காகத் தலைகுனிந்து நின்றார்கள். நான் மனதுக்குள் துஆச் செய்துகொண்டேன்.

பிறகு ஆறாம் ஆண்டுப் பிள்ளை வந்து வரவேற்புரை சொன்னாள். கரோல் பாடியபோது அவள் முன் வரிசையில் அமைதியாக இருந்தாள். பரிசளிப்பு தொடங்கியது. விளையாட்டில் மாகாண மட்டம் வரை போனவர்கள், தமிழ்த் தினத்தில் நாடகம் நடித்தவர்கள், சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களிலும் ஏ எடுத்தவர்கள் என்று பெயர்கள் வந்தன. அந்த ஒன்பதில் ஒன்று சமய பாடம். ஒருவருக்குச் சைவநெறியில் ஏ, ஒருவருக்குக் கத்தோலிக்கத்தில் ஏ, என் மாணவி ஒருத்திக்கு இஸ்லாத்தில் ஏ. மூவரும் தோளோடு தோள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் பெயர் அழைக்கப்பட்டபோது பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அபாயா அணிந்த ஒரு தாய் கைதட்டவில்லை. கையில் தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, கத்தாரில் இருக்கும் கணவருக்கு அந்தக் காட்சியைக் காட்டிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது இங்கிருந்தே தெரிந்தது.

விழா முடிந்து பிள்ளைகள் குடிலைச் சுற்றி நின்றார்கள். வைக்கோலுக்கு நடுவே வைத்த பொம்மைகளைக் காட்டி ஒரு கத்தோலிக்கச் சிறுமி கேட்டாள். "உங்கட குர்ஆன்ல மரியாள் இருக்கிறாவா?"

"இருக்காவே, அவட பேர்ல ஒரு சூராவே இருக்கு" என்றாள் இவள். "ஆனா எங்கடதுல மாட்டுக் கொட்டில் இல்ல. பேரீச்ச மரம். அவ அதுக்குக் கீழ தனியா இருந்தா. மரத்த உலுப்பச் சொல்லி அல்லாஹ் பழம் குடுத்தான்."

"தனியாவா? பாவம்" என்றாள் அந்தச் சிறுமி.

நான் அருகே போகாமல் நின்றுவிட்டேன். எனக்கு அங்கே சொல்ல எதுவும் இருக்கவில்லை. வீட்டில் ஓர் உம்மா தன் பிள்ளைக்குச் சூரா மர்யமின் பொருளைச் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தப் பிள்ளைக்குத் தன் எல்லை எங்கே என்று தெரிந்திருந்தது, ஆகவே அவள் அஞ்சவில்லை.

சகோதரிகளே! உங்கள் பிள்ளையும் இப்படியொரு பாடசாலையில் படித்தால், டிசம்பர் வருமுன்னரே சூரா மர்யமைப் பொருளோடு அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே பெண்மணி அவர்தான் என்பதைச் சொல்லுங்கள். எதைப் பாடலாம், எதைப் பாடக்கூடாது என்பதைக் காரணத்தோடு விளக்குங்கள். நத்தார்க் கேக் சிலவற்றில் பிராந்தி சேர்ப்பதுண்டு. கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள், கொடுத்தவர் முகம் வாடாமல் மறுக்கவும் பழக்குங்கள். சந்தேகம் என்றால் வகுப்பாசிரியரை நேரில் போய்ப் பாருங்கள். மௌலவியிடம் கேட்டால், ஒரு சொல்லில் வரும் பதிலோடு திரும்பிவிடாதீர்கள். ஏன் என்று மறுபடியும் கேளுங்கள். மௌலவிக்கும் அது நல்லது.

விழா முடிந்து போகும்போது அந்தத் தாய் என்னிடம் ஒன்று கேட்டார். 2009இல் தமிழ்த் தினப் போட்டிக்காகத் தனக்கு வந்த சான்றிதழை அவர் வாங்கவே இல்லையாம். அது இன்னும் அலுவலகத்தில் இருக்குமா என்று கேட்டார். மறுநாள் பழைய அலுமாரிகளைத் திறந்து, தூசு தட்டித் தேடிப் பார்த்தேன். எழுதுநரும் உதவினார். கிடைக்கவில்லை.

மார்க்கத்தின் பெயரால் பதில் சொல்லும் நாவுகளுக்கு நிதானத்தையும், பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாருக்குத் தெளிவையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.